கறுக்காத பதினாறு பக்கங்கள்

பினாங்கில் எங்கள் தெருக்கோடியில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கிருக்கும் தமிழர்கள் ஒரு காலத்தில் மலாயும் ஆங்கிலமும் பேசி வேலை பார்த்தவர்கள். வயது ஏற ஏற மற்ற மொழிகள் கழன்றுபோய், இப்போது தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர்களைக் கவனித்துக்கொள்ளும் தாதியர் மியன்மாரிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். இந்தத் தாதியருக்காகச் சில வருடங்களுக்கு முன் ஒரு பேச்சுத் தமிழ்க் கையேடு எழுதினேன். இல்லத்து அலமாரியில் அதன் முப்பது பிரதிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுகூட வெளியே போகாமல் முப்பதும் அப்படியே நிற்பதுதான் சங்கடம்.

ஒரு நாள் தலைமைத் தாதி தன் கைப்பேசியில் ஆறு பக்கங்களைக் காட்டினார். சென்னையில் ரெஜினா என்ற பெண் தயாரித்த பாக்கெட் புத்தகத்தின் பக்கங்கள். வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சென்னைக்கு வேலைக்கு வரும் பெண்கள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்களாம். "நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றி அச்சடிக்க அனுமதி வாங்கி வர முடியுமா?" என்று கேட்டார். பத்திரிகையில் முப்பது வருடம் துணையாசிரியராக இருந்தவள், தமிழ் தெரிந்தவள், ஓய்வில் இருப்பவள் என்று மூன்று தகுதியும் எனக்குத்தான் இருந்தன. அனுமதி கிடைத்தால் அலமாரியில் என் முப்பது பிரதிகள் இருந்த இடத்தில் அந்தப் பெண்ணின் புத்தகம் வரும். கிடைக்காவிட்டால் என்னுடையது இருக்கும். அவள் மறுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் சென்னையில் இறங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டியிருந்தார்கள். ஆட்டோக்காரர் என்னைக் குளத்தைச் சுற்றி இரண்டு முறை கொண்டுபோனார். மூன்றாவது முறை வண்டியை நிறுத்திவிட்டு, தகரத் தடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து இங்க வழி இருந்துச்சும்மா. இன்னிக்குக் காணோம்."

"நாளைக்கு?"

"நாளைக்கு நான் இந்தப் பக்கமே வர்ல."

இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். தகரத் தடுப்பில் தமிழ். டிரான்ஸ்பார்மர் பெட்டியில் தமிழ். இறந்தவர் படத்தின் கீழே தமிழ், பிறந்தநாள் பேனரில் தமிழ், சிறுநீர் கழிக்காதே என்பதும் தமிழ். எங்கள் ஊரில் ஒரு தெருப் பலகையில் தமிழ் இருந்தால் அதைப் படம் எடுத்துச் சங்க மலரில் போடுவோம். இங்கே தமிழை யாரும் காப்பாற்றவில்லை. அதன் மேல் சுவரொட்டி ஒட்டுகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், வண்டியை நிறுத்துகிறார்கள். அது பாட்டுக்குத் தெம்பாக இருக்கிறது. முதல் பொறாமை அங்கேயே வந்துவிட்டது.

நான் தங்கியது ஒரு மாமி வீட்டு மாடியில். கணவர் இறந்தபின் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். காபி கொடுத்தார். பினாங்கில் நாங்கள் குடிக்கும் கோப்பி கறுப்பாக, கெட்டிப்பாலோடு, குவளையின் அடியில் வண்டல் தங்கும்படி இருக்கும். இது அந்த வகையைச் சேர்ந்ததே இல்லை. இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டேன். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"ரெஜினாவோட புக்கா?" என்றார் மாமி. "எங்காத்துல வேலைக்கு வரா பாருங்கோ, ஒடியாக்காரப் பொண்ணு, அவகிட்ட இருக்கு. அதை வச்சுண்டுதான் என்னோட சண்டை போடறா. போன மாசம் லீவு கேட்டா. 'பாக்கலாம்'னு சொன்னேன். உடனே புக்கைத் திறந்து காட்டறா. 'பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்'னு அச்சுல போட்டிருக்கு. என்ன பண்றது, குடுத்துட்டேன்."

என் கையேட்டிலும் விடுமுறை கேட்கும் பாடம் உண்டு. 'எனக்கு நாளை விடுமுறை வேண்டும்' என்பது வாக்கியம். அதைச் சொல்லி இதுவரை யாருக்கும் விடுமுறை கிடைத்ததாகத் தகவல் இல்லை.

ரெஜினா அடையாறில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு வேலை முடியும். நாற்பது வயது இருக்கும். சாந்தோம் பக்கம் பல தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா, பெரியம்மா, அத்தை எல்லோரும் பள்ளி ஆசிரியைகள். இவள் மட்டும் பி.எட். சேர்ந்து பாதியில் விட்டவள். இதை அவளே முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டாள். பிறகு பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போய் எனக்கு ரவா தோசை சொன்னாள்.

"பசியாறியாச்சு" என்றேன்.

"அப்டின்னா?"

"சாப்பிட்டாயிற்று என்பதை எங்கள் ஊரில் இப்படிச் சொல்வோம்."

உடனே கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். "யாராவது பசியாறியாச்சான்னு கேட்டா நீங்க என்னக்கா சொல்வீங்க?" என்று கேட்டாள். யோசித்தேன். அந்தக் கேள்வியை என் கையேட்டில் ஒன்பதாம் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பதில் போடவில்லை. பதிலைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அவளுடைய புத்தகம் முழுக்கப் பதில்கள்தான். கைப்பேசியில் பார்த்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து வரி. மேலே நீங்கள் சொல்ல வேண்டியது, இந்தி எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மூன்று வரிகளில், அவர்கள் திருப்பிச் சொல்லக்கூடியது. 'அடையார் வரீங்களா?' என்று ஆட்டோக்காரரிடம் கேட்டால்: 'ரிட்டன் காலியா வரணும்மா.' 'ஏறு, பாத்துக்கலாம்.' மூன்றாவது வரியில் வார்த்தை இல்லை: வண்டி ஓட்டுபவர் முன்னால் பார்த்தபடியே தலையை லேசாக ஆட்டுகிறார், வரமாட்டார், அடுத்த வண்டியைப் பாருங்கள்.

"நம்ம டெஸ்க்குக்கு வெளியூர்லேந்து வர்றவங்க, தங்குற எடத்துல கடைக்குப் போகணும்னு எங்கிட்ட கேப்பாங்க" என்றாள் ரெஜினா. "நானும் சொல்லிக் குடுப்பேன். அழகா போய்ச் சொல்வாங்க. கடைக்காரர் திருப்பி ஒண்ணு கேப்பாரு. அவ்ளோதான், முடிஞ்சுது. நின்னுக்கினே இருப்பாங்க. கேள்விய நான் குடுத்துடலாம்க்கா. பதில கடைக்காரர்தானே குடுக்கணும். அதான் கடைகடையா போய் நின்னு புடிச்சேன்."

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பரீட்சை வைக்கிறாள். படிக்கும் பெண் அந்தப் பக்கத்தோடு தனியாகக் கடைக்குப் போக வேண்டும். ரெஜினா எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று பார்ப்பாள். கடைக்காரர் கடைசிவரை தமிழிலேயே பேசிக் காரியம் முடிந்தால் பக்கம் பாஸ். பாதியில் இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ மாறினால், அல்லது காரியம் முடியாவிட்டால், ஃபெயில். பக்கத்தை மாற்றி எழுத வேண்டும். பெண்ணுக்கு மதிப்பெண் கிடையாது.

முப்பது வருடம் மொழியோடு வேலை செய்தவள் நான். இப்படி ஒன்று ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தோசையைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். பி.எட். முடிக்காதவளுக்குத் தோன்றியிருக்கிறது.

பிறகு அவள் சொன்னது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "மொத பதினாறு பக்கம் பாத்தீங்களாக்கா? அது உங்களோடது."

புரட்டினேன். உயிரெழுத்து அட்டவணை, மெய்யெழுத்து, வேற்றுமை உருபுகள், வினைச்சொல் மாறும் விதம். என் கையேட்டின் முதல் பகுதி, என் எடுத்துக்காட்டுகளோடு. முதல் பக்கத்தின் அடியில் என் பெயர் போட்டு நன்றி சொல்லியிருந்தாள். லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் என் கையேடு கிடைத்ததாம். பிரதியை வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னாள். "மொத பக்கத்துல யாருக்கோ அன்புடன்னு கையெழுத்து போட்டிருந்தீங்க." சென்னையில் ஒரே ஒரு பத்திரிகை நண்பருக்குத்தான் நான் பிரதி அனுப்பினேன். அவர் அதைப் பழைய தாளோடு போட்டுவிட்டார் என்று அந்தக் கணம் தெரிந்தது. பரவாயில்லை. இத்தனை பேர் சட்டைப்பையில் இருக்கும் புத்தகத்தில் நானும் இருக்கிறேன். அவளிடம் கையெழுத்து வாங்கி வரும்படி இல்லத்தில் கொடுத்தனுப்பிய அனுமதிக் கடிதத்தை அன்று மாலை நான் வெளியே எடுக்கவே இல்லை. அவசரம் என்ன என்று தோன்றியது.

மறுநாள் தி. நகரில் ஒரு பெரிய புத்தகக் கடைக்குப் போனேன். போட்டியாளரை வேறு எங்காவது கண்டுபிடித்தால் ரெஜினா மேல் இருக்கும் எரிச்சல் கொஞ்சம் பிரியும் என்று ஒரு கணக்கு. மொழி கற்கும் புத்தகங்களுக்கு ஒரு சுவரே ஒதுக்கியிருந்தார்கள். இந்தி வழியே தமிழ், தெலுங்கு வழியே தமிழ், ஜப்பானியருக்கு ஒன்று. பதினோரு புத்தகங்களைப் புரட்டினேன். எட்டில் தபால் நிலையம் எங்கே இருக்கிறது என்று யாரோ கேட்கிறார்கள். ஐந்தில் அது வலது பக்கம் இருக்கிறது. என் கையேட்டிலும் தபால் நிலையம் உண்டு. எங்களுடையது இடது பக்கம். எல்லோரும் ஒரே ஊரில் ஒரே தபால் நிலையத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கடைத் தெருவில் இறங்கியதும் ஒரு பெண் வளையல்காரரிடம், "சொல்ற வெலைய சொல்லு, நான் கெளம்பணும்" என்று அதட்ட, அவர் "கெளம்புறவங்க ஏன் உக்காந்தீங்க?" என்றார். இது பதினொன்றில் எதிலும் இல்லை.

பெசன்ட் நகருக்குப் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று நடத்துநர் கேட்காமலேயே ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பாஸ்போர்ட் எந்த நாடு என்று அவர் கேட்காதது எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது. இருபது நிமிடம் கழித்து ஜன்னலுக்கு வெளியே வடபழனி வந்தது.

"பெசன்ட் நகர் எப்போ வரும்?"

"பெசன்ட் நகரா? அது அந்தாண்டை கீது. நீங்க இந்தாண்டை போய்க்கினு கீறீங்க."

"போர்டில் போட்டிருந்ததே."

"கெளம்புன எடமும் போட்டிருக்கும், போற எடமும் போட்டிருக்கும். ரெண்டையும் படிக்கணும்மா" என்றார். பக்கத்து இருக்கைப் பெண் என் புடவையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஊருக்குப் புதுசு போல" என்று அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரெஜினாவின் வகுப்பு பாதி முடிந்திருந்தது. ஆலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, இருபது பெண்கள். அழகு நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள். மாலோதி என்ற அசாமியப் பெண் என்னைக் கண்டதும் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆழ்வார்பேட்டையில் படுத்த படுக்கையாக இருக்கும் ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளுடைய புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அட்டை போய், தோசைமாவோ மருந்தோ பட்டு மொறமொறவென்று இருந்தது. மூடிப் பக்கவாட்டில் பிடித்தேன். தாளின் விளிம்பு கட்டைவிரல் பட்டுப் பட்டுச் சாம்பல் நிறமாகக் கறுத்திருந்தது. பதினேழாம் பக்கத்திலிருந்து கறுப்பு. முதல் பதினாறு பக்கம் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல வெள்ளை.

பக்கத்தில் இருந்தவளின் புத்தகத்தைப் பார்த்தேன். அதற்கடுத்தவர்களுடையதும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே வெள்ளைக் கோடு, அதே தடிமன். புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்ததும் ரெஜினா கடற்கரைக்கு அழைத்துப்போனாள். வறுத்த நெத்திலி வாங்கித் தந்தாள். எங்கள் ஊரில் இதை அரைத்துச் சம்பலாக்கிச் சோற்றின் ஓரத்தில் வைப்போம். இங்கே காகிதத்தில் மடித்து, மணல் பறக்கும் காற்றில் நின்று தின்கிறார்கள். சாப்பிட்டபடியே அவள் ஓர் உதவி கேட்டாள். இரண்டாம் பதிப்புக்கு மருத்துவமனை, பரிசோதனை நிலையம் பற்றிப் பதினாறு பக்கம் புதிதாகச் சேர்த்திருக்கிறாள். மொத்தம் தொண்ணூற்றாறு ஆகிவிட்டது.

"காதர் பாய் பிரெஸ்லதான் அடிக்கறேன். எண்பதுக்கு மேல போனா நடுவுல பின் அடிக்க முடியாதாம். மூடாது, வாயத் தொறந்துக்கினு நிக்கும்ன்றாரு. பாக்கெட்லயும் போவாது. நானும் ஒரு மாசமா பாக்கறேன், ஒரு வரி எடுக்க மனசு வரல. நீங்க பேப்பர்ல இதத்தானேக்கா பண்ணிக்கினு இருந்தீங்க? கொஞ்சம் வெட்டிக் குடுங்க."

அச்சுக்குப் போகவிருந்த நகலை என் கையில் கொடுத்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலை மாமியின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெட்டினேன். பத்திரிகையில் செய்தியின் சாரம் முதல் பத்தியில் இருக்கும். கீழே போகப் போக முக்கியம் குறையும். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்ட வேண்டும். இதைப் படித்துப் பார்த்துச் செய்வதில்லை, கை செய்யும். ரெஜினாவின் எண்பது பக்கங்களில் பக்கத்துக்கு மூன்று வரி எடுத்தால் இருநூற்று நாற்பது வரி. பக்கத்துக்குப் பதினைந்து வரி வீதம் சரியாகப் பதினாறு பக்கம் குறையும். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். மாமி எட்டிப் பார்த்து, "நன்னா சுத்தமா இருக்கே" என்றார்.

கடைசி மூன்று வரிகள் எவை என்று எனக்குத் தெரியும். பதில் ஆளுக்கு ஆள் மாறும், அதை அச்சில் ஏற்றுவது வீண் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். இந்தப் பதில்கள் என் புத்தகத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று இரண்டு நாளாக ஏங்கிக்கொண்டிருந்தவள் அதைச் சொல்லும்போதுதான் கொஞ்சம் உதைக்கிறது.

ரெஜினா அன்று விடுப்பு எடுத்திருந்தாள். பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் சிவப்புக் கோடு.

"பதில எல்லாம் எடுத்துட்டீங்களாக்கா?"

"பதில் மாறிக்கொண்டே இருக்கும். கேள்விதான் நிலையானது."

இந்தக் குரலில் நான் பேசினால் அலுவலகத்தில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அவளும் பேசவில்லை. "நீங்க சொன்னா சரியாதான் இருக்கும்" என்றாள். பிறகு, "ஆனா ரோட்டுல ஒருவாட்டி பாத்துடலாம்" என்றாள்.

மாலோதிக்குப் பழைய பக்கங்கள் எல்லாம் மனப்பாடம். அதனால் அவள் பார்த்திராத புதுப் பக்கம் ஒன்றை, நான் வெட்டியபடியே நகலெடுத்துக் கொடுத்தோம். இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கும் பக்கம். அவளுக்கும் அது தேவைதான். அவள் பார்த்துக்கொள்ளும் அம்மாளின் சர்க்கரை அளவு அன்று வர வேண்டியிருந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு பரிசோதனை நிலையம். ரெஜினாவும் நானும் எதிர்ப்பக்கம் இளநீர் வண்டி அருகே நின்றோம்.

கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. மாலோதி நேராகப் போனாள். வாயசைவைப் பார்த்தால் வாக்கியத்தைப் பிசகில்லாமல் சொல்லியிருந்தாள். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்து ஏதோ சொன்னார், சுருக்கமாக. மாலோதி தலையாட்டினாள். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாஸ்" என்றேன்.

"இருங்கக்கா" என்றாள் ரெஜினா.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. மாலோதிக்குப் பின் வந்த நான்கு பேர் உறைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் முதுகை நிமிர்த்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தது தன் பெயர்தான் என்பதுபோல ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தாள். இளநீர்க்காரர், "இன்னாமா, யாராச்சும் அட்மிட் ஆயிக்கீறாங்களா?" என்று விசாரித்தார். இருபதாவது நிமிடம் ரெஜினா சாலையைக் கடந்தாள். பின்னாலேயே போனேன்.

உள்ளே கவுன்டர்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தம்மா இன்னும் ஏன் குந்திக்கினு கீது? டாக்டர் கையெழுத்து ஆவல, சாயந்தரம் வான்னு அப்பவே சொன்னேனே."

எனக்கு அந்த வாக்கியம் தெரியும். அந்தப் பக்கத்தின் பதினான்காவது வரி. காலையில் காபி குடித்துக்கொண்டே அதன் மேல் கோடு போட்டிருந்தேன்.

மாலோதி வெளியே வந்ததும் என்னைத்தான் பார்த்தாள். யார் வெட்டினார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் சொன்னாள். "அக்கா, நான் சொல்றது இருக்கு. அவன் சொல்றது புக்ல இல்ல. நான் எப்டி எந்திரிக்கறது?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு மணியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

ரெஜினா நோட்டில் 'ஃபெயில்' என்று எழுதினாள். நோட்டை மூடி, அச்சகத்துக்குப் போகலாம் என்றாள். 

காதர் பாயின் அச்சகம் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. மூன்று தலைமுறையாக அச்சுத்தொழில். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அதன் அடியில் கண்ணைச் சுருக்கிப் படிப்பவர். ரெஜினா பக்கங்களை அவர் முன் வைத்து, "பாய், பதில எடுத்தா நிக்கல. திரும்ப தொண்ணூத்தாறு ஆவுது. என்னா பண்றது?" என்றாள்.

அவர் நிதானமாகப் புரட்டினார். முதலிலிருந்து ஒரு தடவை, கடைசியிலிருந்து ஒரு தடவை.

"யாரும்மா கரெக்சன் போட்டது?"

"நான்தான்" என்றேன்.

"கை நல்ல கை. கோடு ஸ்கேல் வெச்சா மாறி கீது." நகலை என் பக்கம் திருப்பினார். "மத்த எல்லா பக்கத்துலயும் வால அறுத்துட்டிருக்க. முன்னாடி கீற பதினாறுல பேனாவே படல. அது இன்னா, யாராச்சும் வேண்டப்பட்டவங்க எழுதுனதா?"

ரெஜினா என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அச்சு இயந்திரம் அந்த நேரம் பார்த்து ஓடாமல் இருந்தது. பெரிய தாளில் ஒன்றாக அடித்து மடிக்கும் பதினாறு பக்கத்துக்கு அச்சகத்தில் ஃபாரம் என்று பெயர். தொண்ணூற்றாறு பக்கம் என்றால் ஆறு ஃபாரம். குறைக்க வேண்டியது ஒரு ஃபாரம். முப்பது வருடம் தாள் கணக்கு பார்த்தவளுக்கு இதைப் போட்டுப் பார்க்க ஒரு நொடி போதும். நான் அதைப் போட்டுப் பார்க்காமல் ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் செலவழித்திருக்கிறேன்.

மேசையில் முதல் பதிப்பின் பிரதி ஒன்று கிடந்தது, அச்சக ஆட்கள் அளவு பார்க்கப் புழங்குவது. அதை எடுத்து விளிம்பைப் பாய் பக்கம் காட்டினேன். அதிலும் அதே வெள்ளை.

"மாலோதியின் புத்தகத்திலும் இப்படித்தான். வகுப்பில் ஏழெட்டுப் பேருடையதைப் பார்த்தேன்" என்றேன். "யாரும் இதைத் திறக்கவில்லை. நேற்றே எனக்குத் தெரியும்."

பாய் கட்டைவிரலால் விளிம்பை ஒருமுறை விரித்துவிட்டார். "அ, ஆ கத்துக்கினு கடைக்குப் போறதுக்குள்ள கடைய சாத்திடுவான்" என்றார், கடுமையில்லாமல்.

சிவப்புப் பேனாவை எடுத்து, பக்கங்களின் அடியில் நான் போட்டிருந்த கோடுகளின் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதத் தொடங்கினேன். எண்பது இடத்தில் எழுத வேண்டியிருந்தது. பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, மூலைக்கு மூலை ஒரு கோடு. இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். வேற்றுமை உருபுகளுக்கு நான் கொடுத்திருந்த எடுத்துக்காட்டுகள் நன்றாகவே இருந்தன. அதை இப்போதும் சொல்வேன்.

"அக்கா, ஒரு ரெண்டு பக்கமாவது விடுங்க" என்றாள் ரெஜினா. "உங்களுக்கு நன்றி சொன்னதும் அதோடதான் இருக்கு. எழுத்தே இல்லன்னா நன்றி மட்டும் எப்டி நிக்கும்?"

"நிற்காது."

"அப்ப உங்க பேரு?"

"ஃபாரத்தைப் பாதியாக மடிக்க முடியுமா பாய்?"

"முடியாது."

"கேட்டாயா" என்றேன் ரெஜினாவிடம். அதுவரை நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் முதன்முதலாக ஒருமைக்கு வந்தேன். ஏன் என்று தெரியவில்லை. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாய் தேநீர் வரவழைத்தார். அங்கேதான், தாள் வெட்டும் இயந்திரத்தின் மேல் வைத்து, மூன்று நாளாகப் பையில் கிடந்த அனுமதிக் கடிதத்தை ரெஜினாவிடம் நீட்டினேன். மறுப்பாள் என்று எதிர்பார்த்து எடுத்து வந்தது. படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. என் பதில அங்க போடாதீங்க. அது இந்த ஊரு பதில். உங்க ஊரு தாத்தா பாட்டி என்ன சொல்வாங்கன்னு நீங்கதான் போய் நின்னு புடிக்கணும். பசியாறியாச்சான்னு கேட்டா என்ன சொல்றாங்கன்னு எனக்கு மெசேஜ் போடுங்க. அன்னிக்கு நீங்க சொல்லவே இல்ல."

"தெரியாது, அதனால் சொல்லவில்லை."

"அதான் எனக்குத் தெரியுமே" என்றாள்.

நான்காம் நாள் மாமியிடம் விடைபெற்றேன். "ஆத்துக்குப் போனதும் ஃபோன் பண்ணுங்கோ" என்றார். 'பாக்கலாம்' என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ரெஜினா விமான நிலையம்வரை வந்தாள். தெருவில் முதலில் கேட்ட ஆட்டோக்காரர் முன்னால் பார்த்தபடியே தலையை லேசாக ஆட்டினார். நாங்கள் இருவரும் பேசாமல் அடுத்த வண்டிக்கு நகர்ந்தோம். முதல் பதிப்பில் மிச்சமிருந்த இரண்டு புதுப் பிரதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "எதுக்குக்கா, புதுசு வந்ததும் அனுப்பறேனே" என்றாள். இல்லத்தில் காட்டத்தான் என்றேன். ஒன்று போதாதா என்று அவள் கேட்கவில்லை.

விமானத்தில் ஒரு பிரதியை எடுத்தேன். முதல் பதினாறு பக்கங்களைப் படித்தேன். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்திக் கொடுத்தபோதும் கட்டைவிரலை எடுக்கவில்லை. இறங்குவதற்கு முன் புத்தகத்தை மூடி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நான்கு மணி நேரத்தில், முன் விளிம்பில், மிக லேசாகக் கறுத்திருந்தது.